மாத்துனது இன்லெட் வால்வ், கெட்டுப்போனது அடி வாஷர்: ஒரு ஃப்ளஷ் டேங்க் பிரச்சனையோட முழு ஆய்வு

அக்கா வீட்டு வெஸ்டர்ன் டாய்லெட் தான் இந்த கேஸ். பேன், அதாவது நாம உக்கார்ற பீங்கான் பகுதி, அது மேலயே டேங்க் உக்காந்திருக்கற டைப், மூடில ரெண்டு பட்டன், கழிவு நேரா தரைக்குள்ள இறங்குற எஸ் டிராப். புகார் மொத்தம் மூணு. யாரும் உள்ள போகாதப்பவே டேங்க் திடீர்னு ஸ்ஸ்ஸுனு சத்தம் போட்டு கொஞ்ச நேரம் நிரம்பிட்டு நிக்கும், ராத்திரில நல்லாவே கேக்கும். அடுத்தது ஃப்ளஷ்ல வேகமே இல்ல, பெரிய பட்டனை திரும்ப அமுக்கினா தான் எல்லாம் போகும். மூணாவது, பேனோட பின்பக்கம் அடில தரை எப்பவும் ஈரமா இருக்கு, துடைச்சாலும் திரும்ப ஈரம்.

மாமா என்கிட்ட முதல்ல சொன்னது, "மொத்த பேனையும் தூக்கி திரும்ப உக்கார வைக்கணும்னு சொல்றாங்க தம்பி, அடில சீல் போயிருச்சாம்". அக்கா சொன்னது வேற, "பைப்ல தான்டா அடைப்பு, அடைப்பு எடுக்கற கெமிக்கல் ஊத்தியும் சரியாகல". ரெண்டு பேருமே கண்ணால பாத்ததை தான் சொல்றாங்க, ஆனா ரெண்டும் முடிவு, காரணம் இல்ல. அதனால நான் டூல்ஸை எடுக்கறதுக்கு முன்னாடி கேட்ட ஒரே கேள்வி, இந்த மூணுல எது முதல்ல ஆரம்பிச்சதுங்கறது தான்.

பதில் ரொம்ப தெளிவா வந்துச்சு. முதல்ல தானா நிரம்புற சத்தம் மட்டும் தான் இருந்துச்சாம், அதுக்கு ஒரு பிளம்பர் வந்து இன்லெட் வால்வை புதுசா மாத்திட்டு போயிருக்காரு, சத்தம் நிக்கல, அதுக்கு அப்புறம் தான் ஃப்ளஷ் வேகம் குறைஞ்சிருக்கு, தரை ஈரமும் அப்புறம் தான். பின்னாடி வந்த ரெண்டு பிரச்சனையும் அந்த வேலைக்கு அப்புறம் வந்ததுன்னா, அந்த வேலைல கை வச்ச இடங்களை தான் முதல்ல சந்தேகப்படணும். பேனை தூக்கறதெல்லாம் கடைசி கட்டம்.

தண்ணி வெளிய போக மூணே வழி

டேங்கு மூடியைத் தூக்கி பாத்தா உள்ள நிறைய பிளாஸ்டிக் இருக்கற மாதிரி தெரியும், ஆனா நடக்கறது ரெண்டே வேலை. ஓரத்துல நிக்கறது இன்லெட் வால்வ், தண்ணி ஏற ஏற அதோட மிதவை மேல வந்து ஒரு உயரத்துல தண்ணியை நிறுத்தும். நடுவுல நிக்கறது ஃப்ளஷ் வால்வ், அது டேங்கோட அடி ஓட்டை மேல ஒரு ரப்பர் அல்லது சிலிகான் வாஷரோட உக்காந்திருக்கும், பட்டனை அமுக்கினா மேல எழும்பி தண்ணியை பேனுக்குள்ள விடும். அதுகூடவே ஓவர்ஃப்ளோ குழாய் இருக்கும், இன்லெட் மூடாம போனா தண்ணி டேங்குக்கு வெளிய வழியாம இதுக்குள்ள விழுந்து பேனுக்கே போய்டும்.

அப்போ நிரம்பி நிக்கற டேங்க்ல இருந்து தண்ணி குறையணும்னா மூணே வழி தான் இருக்கு. அடி வாஷர் வழியா கசியணும், ஓவர்ஃப்ளோ மேல வழியணும், இல்ல டேங்குக்கு வெளிய எங்கயாவது சொட்டணும். இந்த மூணுல எதுன்னு கண்டுபிடிச்சிட்டா எந்த பார்ட்டை தொடணும்னு தானா தெரிஞ்சிரும். இதை பாக்காம பார்ட் மாத்தறது தான் நிறைய வீட்ல காசையும் தண்ணியையும் தின்னுது, நான் இதை எழுதறதே இதுக்காகத் தான்.

இங்க ஒரு விஷயத்தை நிதானமா யோசிச்சு பாக்கணும். டேங்க் விட்டு விட்டு நிரம்புது. நிரம்பறது நிக்குதுன்னா இன்லெட் வால்வ் ஒழுங்கா மூடுதுன்னு அர்த்தம், வேற எங்கயோ தண்ணி போய் மட்டம் இறங்கினதும் மிதவை கீழ வந்து அது திரும்ப திறக்குது, அவ்வளவு தான். இன்லெட் வால்வ் கெட்டிருந்தா சத்தம் விட்டு விட்டு வராது, சின்னதா ஒரு ஒழுக்கு சத்தம் நிக்காம வந்துட்டே இருக்கும், மட்டம் ஓவர்ஃப்ளோ விளிம்பைத் தொட்டுட்டு நிக்கும். ஆக, பழைய இன்லெட் வால்வ் மேல தப்பே இல்ல. சத்தம் அதுல இருந்து வருதுங்கறதால அதை மாத்திருக்காங்க.

கலர் டெஸ்ட், பென்சில் கோடு

டேங்குக்குள்ள ஏதாவது ஒரு அடர்த்தியான கலர் பொடியைக் கரைச்சு விட்டு, கால் மணி நேரத்துல இருந்து அரை மணி நேரம் வரைக்கும் யாரும் பட்டனைத் தொடாம இருக்கணும். மட்டம் ஓவர்ஃப்ளோ விளிம்புக்கு கீழ இருக்கும்போதே பேன்ல நிக்கற தண்ணில கலர் வந்தா அடி வாஷர் கசியுது, இதுல சந்தேகத்துக்கு இடமே இல்ல. இந்த கேஸ்ல மட்டம் விளிம்புக்கு ரொம்ப கீழ இருந்துச்சு, ஆனா பேனோட பின்சுவர்ல ஒரு மெல்லிசான நீலக் கோடு இறங்கி வந்துச்சு, டார்ச் அடிச்சு பாத்தா தான் தெரியற அளவு.

எவ்ளோ போகுதுன்னும் அளக்கலாம், இது பண்ணா தான் வீட்ல இருக்கறவங்களுக்கு விஷயத்தோட சீரியஸ்னஸ் புரியும். டேங்குக்கு தண்ணி வர்றதை நிறுத்தற, சுவர்ல இருக்கற ஆங்கிள் வால்வை மூடிட்டு, டேங்கோட உள்சுவர்ல தண்ணி மட்டத்துக்கு நேரா பென்சில்ல ஒரு கோடு போட்டுட்டு அரை மணி நேரம் விட்டோம். 2 செ.மீ இறங்கியிருந்துச்சு. டேங்கோட உள் அளவு 38 செ.மீ நீளம், 14 செ.மீ அகலம், பெருக்கினா 532, அதாவது ஒரு செ.மீ இறங்கினா அரை லிட்டருக்கு கொஞ்சம் மேல. 2 செ.மீக்கு ஒரு லிட்டர் தாண்டிருச்சு. இதே வேகத்துல போனா ஒரு நாளைக்கு சுமார் 50 லிட்டர், 6 லிட்டர் ஃப்ளஷ் கணக்குல பாத்தா எட்டு தடவை ஃப்ளஷ் பண்ற தண்ணி யாரும் தொடாமயே போகுது. அக்கா அந்த கோட்டையே பாத்துட்டு நின்னாங்க, "சத்தம் தானேன்னு விட்டுட்டோமேடா"ன்னு.

ஆங்கிள் வால்வை மூடிட்டு பண்றதுல இன்னொரு லாபம், மட்டம் எங்க போய் நிக்குதுன்னும் பாக்கலாம். அடி வரைக்கும் இறங்கிட்டே போனா வாஷர். நடுவுல ஒரு உயரத்துல நின்னுட்டா அந்த உயரத்துல ஓவர்ஃப்ளோ குழாய்லயோ டேங்க் சுவர்லயோ விரிசல் இருக்கலாம். விளிம்பு வரைக்கும் மட்டும் இறங்கி நின்னா தான் இன்லெட் பக்கம் பாக்கணும்.

ஃப்ளஷ் வேகம் ஏன் போச்சு

அந்த பென்சில் கோட்டை போடும்போதே இது கண்ணுல பட்டுச்சு. டேங்கோட உள்சுவர்ல கம்பெனிக்காரங்களே தண்ணி மட்டத்துக்கு ஒரு கோடு அச்சு பண்ணியிருப்பாங்க, தண்ணி அதுக்கு 4 செ.மீ கீழ நின்னுட்டு இருந்துச்சு. புது வால்வ் போட்டும் சத்தம் நிக்காததால மிதவையை கீழ இறக்கி வச்சிட்டு போயிருக்காங்க, மட்டம் கம்மியானா வழியாதுன்னு நினைச்சிருக்கலாம். ஆனா தண்ணி வழியவே இல்லையே, அடில தானே கசியுது. 4 செ.மீன்னா இந்த டேங்க்ல 2 லிட்டருக்கு மேல. ஒவ்வொரு ஃப்ளஷ்லயும் அவ்ளோ தண்ணி கம்மியா இறங்கினா வேகம் எங்க இருந்து வரும்.

அடைப்பு இருக்கா இல்லையான்னு பாக்க பக்கெட் டெஸ்ட் போதும். 6 லிட்டர் தண்ணியை பக்கெட்ல எடுத்து பேனுக்குள்ள ஒரே வீச்சுல ஊத்தணும், சொட்டு சொட்டா இல்ல, தெறிக்காத அளவுக்கு வேகமா. எல்லாம் சட்டுனு இறங்கி மட்டம் பழையபடி நின்னா கீழ வளைவும் பைப்பும் சுத்தமா இருக்கு, பிரச்சனை டேங்க்லயோ, பேன் விளிம்புக்கு கீழ தண்ணி வர்ற விளிம்பு ஓட்டைலயோ தான். மேல ஏறி மெதுவா இறங்கினா அடைப்பு. இங்க ஒரே மூச்சுல இறங்கிருச்சு. அப்போ ஊத்துன கெமிக்கல் எல்லாம் இல்லாத அடைப்புக்கு ஊத்துனது.

அந்த கெமிக்கல் பத்தி சொல்லியே ஆகணும். அடைப்பு எடுக்கற பவுடர்ல பெரும்பாலும் காஸ்டிக் சோடா தான் இருக்கும், தண்ணில பட்டா பயங்கர சூடு வரும், பீங்கான் விரிசல் விடலாம், அடைப்பு கரையாம நின்னுட்டா அந்த காரத் தண்ணி பேன்லயே தேங்கி நிக்கும், அதுக்கு மேல யாராவது பிளஞ்சர், அதாவது அமுக்கி இழுக்கற ரப்பர் கிண்ணம், போட்டா மூஞ்சில தெறிக்கும், கண்ணுல பட்டா பார்வைக்கே ஆபத்து. உண்மையிலயே அடைப்பு இருந்தா பிளஞ்சர் தான் முதல் ஆயுதம், அதுவும் அடில ஒரு நாக்கு நீட்டிட்டு இருக்கற டைப், சிங்குக்கு யூஸ் பண்ற தட்டை கிண்ணம் பேன் ஓட்டைல சரியா உக்காராது. ரப்பர் முழுசும் தண்ணிக்குள்ள முங்கணும், முதல் அழுத்தம் மெதுவா, உள்ள இருக்கற காத்து வெளிய வரட்டும், அப்புறம் அமுக்கறதை விட வெளிய இழுக்கறதுல தான் பலம் கொடுக்கணும். அதுக்கும் அசையலைன்னா கைப்பிடி சுத்தற டாய்லெட் ஆகர், அது வளைவுக்குள்ள போய் சிக்கினதை பிடிச்சு வெளிய இழுத்துட்டு வரும். 1775ல அலெக்சாண்டர் கம்மிங் பேட்டன்ட் வாங்கின அந்த எஸ் வளைவு தான் சாக்கடை நாத்தம் வீட்டுக்குள்ள வராம தண்ணியை தேக்கி வைக்குது, சிக்கறதும் பெரும்பாலும் அந்த வளைவுல தான், அதனால ஆழமா போக வேண்டியதே இல்ல.

மட்டத்தை தவிர இன்னொரு காரணமும் இருந்துச்சு. ஒரு சின்ன கண்ணாடியை பேன் விளிம்புக்கு கீழ புடிச்சு டார்ச் அடிச்சு பாத்தா, தண்ணி வர்ற ஓட்டைல பாதி உப்புக்கறையால மூடியிருந்துச்சு, சிலது ஊசி நுழையற அளவு தான் திறந்திருந்துச்சு. உப்புத்தண்ணி வர்ற எந்த வீட்லயும் இது மெதுவா சேரும், மெதுவா சேர்றதால யாருக்கும் தெரியாது.

தரை ஈரம்

மாமா பயந்தது இதுக்குத் தான். பேன் அடி சீல் போயிருந்தா தண்ணி எப்போ வரும்னு யோசிங்க, ஃப்ளஷ் பண்ணும்போது மட்டும் தான் வரும், ஏன்னா மத்த நேரத்துல அந்த இடத்துல தண்ணியே இல்ல. இங்க ஃப்ளஷ் பண்ணாதப்பவும் ஈரம் வந்துட்டே இருக்கு. அதுவே பாதி பதில்.

மீதி பதிலுக்கு டிஷ்யூ பேப்பர். எல்லாத்தையும் நல்லா துடைச்சு காய விட்டுட்டு, ஆங்கிள் வால்வ் மூட்டு, கனெக்ஷன் ஹோஸோட ரெண்டு முனை, டேங்க் அடில இன்லெட் வால்வோட நட், டேங்கை பேனோட சேக்கற ரெண்டு போல்ட், பேனோட அடி சுத்து, எல்லா இடத்துலயும் காஞ்ச டிஷ்யூவை ஒத்தி ஒத்தி பாத்தோம். டேங்க்ல கலர் கரைச்சிருந்ததால ஒரு நல்ல வசதி, கசியற தண்ணில கலர் இருந்தா டேங்குக்குள்ள இருந்து வருது, கலர் இல்லாம வெறும் தண்ணியா இருந்தா டேங்குக்கு முன்னாடி இருக்கற ஹோஸ் மூட்டுல இருந்து வருது. டேங்கோட வெளிப்பக்கம் முழுசும் மெல்லிசா வேர்த்த மாதிரி ஈரம் இருந்தா அது கசிவே இல்ல, காத்துல இருக்கற ஈரப்பதம் குளிர்ந்த பீங்கான் மேல படியறது.

இன்லெட் நட்டுக்கு கீழ ஒத்துன டிஷ்யூ மட்டும் நீலமா வந்துச்சு. மத்ததெல்லாம் காஞ்சே இருந்துச்சு. அந்த நட்டுல இருந்து சொட்டு டேங்கோட அடிப்பக்கமா ஓடி, பேனோட பின்முதுகுல வழிஞ்சு, தரைல சேந்து, பாக்கறவங்களுக்கு பேன் அடில இருந்து வர்ற மாதிரியே தெரிஞ்சிருக்கு. புது வால்வ் போட்டப்போ பிளாஸ்டிக் நட்டை ஸ்பேனர் போட்டு இறுக்கோ இறுக்குன்னு இறுக்கினதுல உள்ள இருக்கற கூம்பு வாஷர் ஒரு பக்கமா பிதுங்கி வெளிய வந்திருந்துச்சு.

ஆக மூணும் ஒரே கதை. அடி வாஷர் கெட்டுச்சு, அதுக்கு பதிலா இன்லெட் வால்வை மாத்துனாங்க, மாத்தும்போது நட்டை அதிகமா இறுக்கி ஒரு கசிவு வந்துச்சு, சத்தத்தை அடக்க மட்டத்தை இறக்கி ஃப்ளஷ் வேகம் போச்சு.

சரி பண்ணது

ஆங்கிள் வால்வை மூடி, ஃப்ளஷ் பண்ணி, அடில மிச்சம் இருக்கற தண்ணியை ஸ்பாஞ்ச்ல ஒத்தி எடுத்தாச்சு. ரெண்டு பட்டன் டைப்ல நடுவுல இருக்கற ஃப்ளஷ் வால்வை கையால கால் சுத்து இடப்பக்கமா திருப்பினா மேல் பாகம் கழண்டு வந்துரும், அடி பாகம் டேங்க்லயே இருக்கும். எல்லா மாடலும் இப்படி திரும்பாது, சிலதுல கிளிப் இருக்கும், வராதப்போ பலம் போடாம சுத்தி பாருங்க. கழட்டறதுக்கு முன்னாடி ஒரு ஃபோட்டோ எடுத்து வச்சிக்கோங்க.

அடில இருந்த வாஷரை விரல்ல தடவினா எல்லாமே புரிஞ்சிருச்சு. ஒரு பக்கம் வழுவழுன்னு, இன்னொரு பக்கம் அலை அலையா மேடு பள்ளம், உக்காந்த இடத்தோட தடம் ஆழமா பதிஞ்சு போயிருக்கு, கைல கறுப்பா ஒட்டுது. ரப்பர் கரைஞ்சா தான் இப்படி ஒட்டும். காரணம் டேங்க் மூலைலயே இருந்துச்சு, பாதி கரைஞ்ச குளோரின் மாத்திரை. பேன் வெள்ளையா இருக்கணும்னு டேங்குக்குள்ள போடறது, ஆனா அந்த குளோரின் தண்ணி ராத்திரி பகல்னு வாஷர் மேலயே நிக்குது, ரப்பர் சீக்கிரம் போகத் தான் செய்யும். அதை எடுத்து வெளிய போட்டாச்சு. பேனை கழுவணும்னா பேன்ல போடுங்க, டேங்குக்குள்ள எதுவும் வேண்டாம்.

பழைய வாஷரை கையோட எடுத்துட்டு போய் அதே அளவுல புதுசு வாங்கணும், உள் விட்டம், வெளி விட்டம், தடிமன் மூணும் ஒத்துப்போகணும். வாஷர் உக்கார்ற வட்டத்தையும் பாக்கணும், அதுல உப்புக்கறை இருந்தா புது வாஷரும் கசியும், வினிகர்ல நனைச்ச துணியால தேய்ச்சா போதும், கத்தி, உப்புத்தாள் எதுவும் வேண்டாம், ஒரு கீறல் விழுந்தாலும் கசிவு தான். வாஷர்ல வாஸ்லின் தடவற பழக்கம் நிறைய பேருக்கு இருக்கு, பெட்ரோலியம் கிரீஸ் சில ரப்பரை ஊத வச்சிரும், தேவைன்னா சிலிகான் கிரீஸ் மட்டும்.

இன்லெட் நட்டை கழட்டி கூம்பு வாஷரை புதுசா போட்டு, வால்வை நேரா புடிச்சிட்டு, நட்டை கையால முடிஞ்ச வரைக்கும் இறுக்கி அதுக்கு மேல ஒரு கால் சுத்து மட்டும். பீங்கான்ல ஓவரா இறுக்கினா கசிவோட நிக்காது, டேங்கே விரிசல் விடும். டேங்க் போல்ட்டுக்கும் இதே தான், ஒரு பக்கம் கொஞ்சம், அடுத்த பக்கம் கொஞ்சம்னு மாத்தி மாத்தி.

மிதவையோட ஸ்க்ரூவை திருப்பி மட்டத்தை அச்சு பண்ண கோட்டுக்கு ஏத்தியாச்சு. கோடு இல்லாத டேங்க்னா ஓவர்ஃப்ளோ விளிம்புக்கு 2.5 செ.மீ கீழ வச்சா சரியா இருக்கும்.

விளிம்பு ஓட்டைக்கு வெதுவெதுன்னு சூடாக்கின வினிகரை ஓவர்ஃப்ளோ குழாய் வழியா ஊத்தி ராத்திரி முழுக்க விட்டோம், காலைல வயர் கட்டற மெல்லிய பிளாஸ்டிக் டையால ஒவ்வொரு ஓட்டையா குத்தி விட்டோம், கறை துகள் துகளா விழுந்துச்சு. கொதிக்கற தண்ணி ஊத்தாதீங்க, பீங்கான் வெடிக்கும். அதைவிட முக்கியம், குளோரின் மாத்திரையோ பிளீச்சோ அடைப்பு எடுக்கற கெமிக்கலோ மிச்சம் இருக்கும்போது வினிகர், ஆசிட் எதுவும் ஊத்தவே கூடாது, பிளீச்சும் ஆசிடும் சேந்தா குளோரின் வாயு வரும், மூடின பாத்ரூம்ல அது உயிருக்கே ஆபத்து. நாங்க மாத்திரையை எடுத்துட்டு, டேங்கையும் பேனையும் நல்லா அலசி திரும்ப திரும்ப ஃப்ளஷ் பண்ணிட்டு, ஜன்னலை திறந்து வச்சிட்டு தான் வினிகரையே தொட்டோம்.

எல்லாம் மாட்டின பிறகு அதே டெஸ்ட் திரும்பவும். கலர் பேன்ல வரல. ஆங்கிள் வால்வை மூடி ராத்திரி விட்டதுல தண்ணி புது மட்டத்துக்கு போட்ட பென்சில் கோட்டுலயே நின்னுச்சு. டிஷ்யூ எல்லா இடத்துலயும் காஞ்சே வந்துச்சு. பெரிய பட்டன் ஒரு தடவை போதுமா இருக்கு.

பட்டனுக்கு பதிலா ஹேண்டில் இருக்கற டேங்க்ல அடில ஃப்ளாப்பர் மூடி இருக்கும், அதை தூக்கற சங்கிலி ரொம்ப இறுக்கமா இருந்தா மூடி முழுசா உக்காராம கசியும், ரொம்ப லூஸா இருந்தா பாதி தான் தூக்கும், அரை இன்ச் தளர்வு இருந்தா போதும். நிரம்பறதே ரொம்ப லேட்டாகுதுன்னா பார்ட் மாத்தறதுக்கு முன்னாடி இன்லெட் வாய்ல இருக்கற சின்ன வலையை கழட்டி கழுவி பாருங்க, மண்ணு அடைச்சிருக்கும்.

வீட்ல கை வைக்காம பிளம்பரை கூப்பிட வேண்டிய இடமும் இருக்கு. டேங்க்லயோ பேன்லயோ விரிசல் தெரிஞ்சா, பேன் உக்காந்தா ஆடினா, ஃப்ளஷ் பண்ணும்போது மட்டும் அடில தண்ணி வந்தா, இல்ல டாய்லெட்ல ஃப்ளஷ் பண்ணா குளிக்கற இடத்து ஜல்லடைல குபுகுபுன்னு சத்தம் வந்து தண்ணி மேல ஏறினா, அது மெயின் லைன் அடைப்பாவோ காத்து போற வென்ட் பைப் அடைப்பாவோ இருக்கலாம், பிளஞ்சரால ஆகற வேலை இல்ல. கூப்பிடும்போது டாய்லெட் சரியில்லன்னு மட்டும் சொல்லாம, எது முதல்ல ஆரம்பிச்சது, ஃப்ளஷ் பண்ணும்போது மட்டும் வருதா எப்பவும் வருதா, கலர் டெஸ்ட்ல என்ன ஆச்சு, பக்கெட் தண்ணி எப்படி இறங்குச்சுன்னு இந்த நாலையும் சொல்லுங்க, அவர் சரியான பார்ட்டோட வருவார்.